எம்.எல்.ஏ. எப்படி வருகிறார், வந்தபின் யாருக்கெல்லாம் ஓட்டுப் போடுகிறார்: முதல்முறை வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

சட்டப்பேரவைத் தேர்தலைச் சட்டப்பேரவை நடத்துவதில்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தேதி குறிப்பது, அதிகாரிகளை இடம் மாற்றுவது, பறக்கும் படையை இறக்குவது, வாக்குகளை எண்ணுவது எல்லாம் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அறிவிக்கை ஆளுநர் பெயரில் வெளியாகும்; ஆனால் ஆணையம் பரிந்துரைத்த தேதியைத்தான் அவர் வெளியிட முடியும். மாநிலத்தில் ஆணையத்தின் ஆள் தலைமைத் தேர்தல் அதிகாரி. மாவட்டத்தில் ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. சென்னையில் மட்டும் மாநகராட்சி ஆணையர். இவர்கள் மாநில அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் என்றாலும், தேர்தல் காலத்தில் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் தேர்தல்களில் பேரவைக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவது, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கெடுப்பது, உங்கள் மாநகராட்சி மேயரை நீங்கள் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று சட்டம் போடுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரை தமிழ்நாட்டை வைத்து எழுதப்பட்டது. 18 வயது நிறைந்து முதன்முறை ஓட்டுப் போடப் போகிறவருக்கும், வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவருக்கும் பயன்படும்.

முதல் வேலை: பட்டியலில் பெயர்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பது போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அட்டை இருந்தும் பெயர் இல்லாமல் வாசலில் சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம். அந்த நேரத்தில் அங்கிருக்கும் அலுவலரால் ஒன்றுமே செய்ய முடியாது.

புதிதாகச் சேர படிவம் 6. முகவரி மாற்றம், எழுத்துப் பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் புதியது என்றால் படிவம் 8. இறந்தவர் பெயரையோ இடம் மாறிப் போனவர் பெயரையோ நீக்கப் படிவம் 7. மூன்றையும் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலும் செல்போன் செயலியிலும் நிரப்பலாம். இல்லையென்றால் உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார். 1950 என்ற எண்ணுக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருந்தால்தான் சேர முடியும். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளும் தகுதி நாள்கள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி மனுப் போட்டு வைக்கலாம்.

வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் பூட்டப்படும். மனு கொடுத்தால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுப்பார்கள். ஆகவே தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடுகிறவர்களில் பலருக்கு வாய்ப்பு நழுவுகிறது. ஏற்கெனவே பெயர் இருக்கிறவர்களும் சும்மா இருக்கக் கூடாது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வீடு மாறியவர்கள், கணக்கெடுப்புப் படிவத்தைத் திருப்பித் தராதவர்கள் எனப் பலருடைய பெயர் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போனது. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஒன்று, வேலை பார்க்கும் நகரத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம். பொங்கலுக்கு மட்டும் போகும் ஊரில் பெயர் இருக்கிறது என்றால், எங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கே மாற்றிக்கொள்வதுதான் சட்டப்படி சரி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் சேரலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும்.

உங்கள் தொகுதி எது?

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். 1952-ல் பழைய சென்னை மாகாணத்துக்கு 375 இடங்கள் இருந்தன. ஆந்திரம் பிரிந்தும் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தும் எண்ணிக்கை குறைந்தது. 1967-லிருந்து 234 என்றே நிற்கிறது. இவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. தனித் தொகுதியில் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள்தான் போட்டியிட முடியும், வாக்களிப்பது எல்லாரும்தான். இந்த இரண்டாவது பாதியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் படித்தவர்களிலும் உண்டு. ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் வழக்கம் 2020 ஜனவரியோடு முடிந்துபோனது.

மக்களவைத் தொகுதி வேறு, சட்டப்பேரவைத் தொகுதி வேறு. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 பேரவைத் தொகுதிகள். 39 ஆறுகள் 234. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும். மதுரை என்பது மக்களவைத் தொகுதி. அதற்குள் மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மேலூர் என்று ஆறு. நீங்கள் "மதுரைக்காரர்" என்பதை வைத்து எம்.எல்.ஏ. யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற 106-வது திருத்தம் 2023-ல் நிறைவேறியது. அது கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது.

யார் நிற்கலாம், எப்படி நிற்கலாம்

25 வயது, இந்தியக் குடியுரிமை, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர். இவ்வளவுதான் தகுதி. அந்தத் தொகுதியிலேயே வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் திருவாரூர்க்காரர் சென்னையில் நிற்க முடிகிறது. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்க முடியாது.

அறிவிக்கை வெளியான நாளிலிருந்து மனுத் தாக்கலுக்கு ஒரு வாரம். மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் பெறக் கடைசி நாள். அன்று மாலையே இறுதி வேட்பாளர் பட்டியலும் சுயேச்சைகளுக்கான சின்னமும் வரும். அதிலிருந்து குறைந்தது 14 நாள் கழித்துத்தான் வாக்குப்பதிவு. மனுவைக் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் நேரில் கொடுக்க வேண்டும். வேட்பாளரோடு உள்ளே போக நான்கு பேருக்குத்தான் அனுமதி. வெளியே எவ்வளவு பெரிய ஊர்வலம் வந்தாலும் 100 மீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வராது. சில்லறை நாணயங்களை மூட்டையாகக் கட்டி வந்து மேசையில் கொட்டும் சுயேச்சை ஒருவர் எல்லாத் தேர்தலிலும் செய்தித்தாளில் வந்துவிடுவார். அதை எண்ணி முடிக்கிற அலுவலரை யாரும் படம் எடுப்பதில்லை.

இந்தத் தொகை இவ்வளவு உயர்ந்ததற்கு ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. 1996 தேர்தலில் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்காததைக் கண்டித்து விவசாயிகள் திரளாக மனுப் போட்டார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைத் தாளாக அச்சடிக்க முடியவில்லை, புத்தகமாகத் தைத்தார்கள். தேர்தலையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ரூபாயாக்கினார்கள். பிறகு அது 10,000 ஆனது. கவனம் ஈர்க்கப் பல பேர் நிற்பதைத் தடுக்க வேண்டும் என்ற வாதம் புரிகிறது. ஆனால் கூலி வேலை செய்கிறவருக்கு 10,000 ரூபாய் என்பது இன்றும் பெரிய தடைதான்.

முன்மொழிவதில்தான் சுயேச்சைகள் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்திட வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இதனால்தான்: முன்மொழிந்தவர்களில் இருவர் "அது எங்கள் கையெழுத்து இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். எட்டு கையெழுத்து சரியாக இருந்தும் பயனில்லை. எனவே சுயேச்சையாக நிற்க நினைக்கிறவர் கையெழுத்துப் போட்டவர்களோடு பரிசீலனை முடியும்வரை தொடர்பில் இருப்பது நல்லது.

வாக்காளராக உங்களுக்கு வேண்டியது படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம். சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், வருமான வரி விவரம் எல்லாம் அதில் இருக்கும். மனு கொடுத்த கொஞ்ச நேரத்தில் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய பத்திரத்தையும் இந்த முறை தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். எந்த மேடைப் பேச்சையும்விட அது சுவாரசியமாக இருக்கும். தேர்தல் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். மனுத் தாக்கலுக்கு முன்பே இதற்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தர வேண்டும். தராதவர்களை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கணக்குக்கு வராமல் ஓடும் பணத்தைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஆணையம் நிறுத்தியது.

வாக்குப்பதிவு நாள்

வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், 100 நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வந்து தரும் பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது. அது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சீட்டுதான். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது.

உள்ளே முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் கேட்டு, தங்கள் கையிலுள்ள பட்டியலில் கோடிடத்தான் அப்படிப் படிக்கிறார். இரண்டாமவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி உங்களுக்கு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் போய், பெயர், படம், சின்னம் மூன்றையும் பார்த்தபின் அழுத்துங்கள். படம் ஏன் முக்கியம் என்பதற்கு 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தைச் சொல்லலாம். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அங்கே பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் சில ஓ. பன்னீர்செல்வங்களும் பட்டியலில் இருந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்திலிருக்கும் விவிபேட் கண்ணாடியில் ஒரு சீட்டு ஏழு வினாடி தெரிந்து உள்ளே விழும். அவசரப்பட்டு வெளியே வந்துவிடாமல் அதைப் பாருங்கள்.

கடைசிப் பொத்தான் நோட்டா. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்தது. நோட்டா முதலிடம் பிடித்தாலும் தேர்தல் ரத்தாகாது, அடுத்து அதிக வாக்கு வாங்கியவர் வென்றதாகவே அறிவிப்பார்கள். மனக்குறையைப் பதிவு செய்யலாம். அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் போவதற்குள் உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். 49பி (49P) விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். அது இயந்திரத்தில் இல்லை. தாள் சீட்டில் முத்திரை குத்தி, தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. நீதிமன்றம் சொன்னால்தான் எடுப்பார்கள். இத்தனை சதவீதம் ஆய்வுக்குரிய வாக்கு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் டோக்கன் உண்டு. கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வருவார்கள். பின்னால் வேறு யாரும் வந்து சேராமலிருக்க இந்த ஏற்பாடு.

எண்ணிக்கை

அதிக வாக்கு வாங்கியவர் வென்றார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதன் விளைவு மாநில அளவில் தெரியும்: 2021-ல் திமுகவின் உதயசூரியன் சின்னம் சுமார் 38 சதவீத வாக்கோடு 133 இடம் பெற்றது, அதிமுகவின் இரட்டை இலை சுமார் 33 சதவீத வாக்கோடு 66 இடம் பெற்றது. வாக்கு வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு, இடங்களோ பாதி. அதே தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்கு. ஒரு தெருவில் உள்ளவர்கள் மதியத் தூக்கம் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

அதைவிடச் சுவையான வழக்கு ராதாபுரம். 2016-ல் அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தபால் வாக்குகளோடு வந்த உறுதிமொழிப் படிவங்களில் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று பல தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில்தான் போட முடியும். 2019 அக்டோபரில் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் நீதிமன்ற உத்தரவில் மறுபடி எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பேரவையின் ஆயுளும் முடிந்துவிட்டது. 2021-ல் அதே ராதாபுரத்தில் அப்பாவு வென்று சபாநாயகர் ஆனார். இன்பதுரை 2025-ல் எம்.எல்.ஏ.க்களின் தேர்வாக மாநிலங்களவைக்குப் போனார். தபால் வாக்குப் போடப் போகும் ஆசிரியர்களும் காவலர்களும் படிவத்தை வரி விடாமல் வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டியது ஏன் என்று இதிலிருந்து புரியும்.

பேரவை கூடும்போது

ஆட்சி அமைக்க 118 பேர் வேண்டும். வென்ற கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் கூடித் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஆளுநரிடம் உரிமை கோருவார். ஆளுநர் முதல்வரை நியமிப்பார். நாம் முதல்வருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. சுவரொட்டியில் எம்.எல்.ஏ. வேட்பாளரின் முகம் தபால்தலை அளவில் இருப்பதால் இது மறந்துபோகிறது. தற்காலிக சபாநாயகர் உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைப்பார். பிறகு பேரவை தனக்குள் நடத்தும் முதல் தேர்தல் சபாநாயகர், துணை சபாநாயகர் தேர்வு. பெரும்பாலும் போட்டியிருக்காது.

எம்.எல்.ஏ.வாக இல்லாதவரும் அமைச்சராகவோ முதல்வராகவோ ஆகலாம். ஆறு மாதத்துக்குள் வென்று வர வேண்டும். 2001-ல் வேட்புமனுக்கள் தள்ளுபடியான நிலையில் ஜெயலலிதா முதல்வரானார். தகுதியில்லாதவர் அந்த ஆறு மாதச் சலுகையைப் பயன்படுத்த முடியாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பதவி போனது. வழக்கிலிருந்து விடுதலை பெற்று, 2002-ல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று மறுபடி வந்தார்.

இனி உங்கள் எம்.எல்.ஏ. போடும் ஓட்டு

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆறு பேர் ஓய்வு பெறுவார்கள். புதிய ஆறு பேரை 234 எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கு இப்படி: காலி இடம் ஆறு, அதோடு ஒன்றைக் கூட்டினால் ஏழு. 234-ஐ ஏழால் வகுத்தால் 33 சொச்சம். அதைத் தாண்ட வேண்டும் என்பதால் 34 பேர் முதல் விருப்பமாக எழுதினால் ஒருவர் நிச்சயம் வெல்வார். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

இந்த 34 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் கூட்டணிப் பேச்சுகள் விளங்கும். 66 எம்.எல்.ஏ. வைத்திருக்கும் கட்சிக்கு ஒரு இடம் உறுதி. இரண்டாவதுக்கு இரண்டே பேர் குறைவு. அங்கேதான் நான்கைந்து உறுப்பினர் வைத்திருக்கும் கட்சிக்கு மதிப்பு கூடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் ஓரிடத்திலும் நிற்காமல் திமுக கூட்டணிக்குப் பிரசாரம் செய்தது. ஒப்பந்தம் 2025-ல் ஒரு மாநிலங்களவை இடம். அதன்படி கமல்ஹாசன் போனார். அந்த ஆண்டு ஆறு இடத்துக்கு ஆறு பேர்தான் மிஞ்சியதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. சுயேச்சைகள் சிலர் எப்போதும் மனுப் போடுவார்கள், 10 எம்.எல்.ஏ.க்கள் முன்மொழிய வேண்டும் என்பதால் பரிசீலனையோடு முடிந்துவிடும். 2013-ல் ஏழு பேர் நின்றதால் உண்மையாகவே வாக்குப்பதிவு நடந்தது. கனிமொழி வென்றார், தேமுதிகவின் இளங்கோவன் தோற்றார்.

2003-லிருந்து இது வெளிப்படை வாக்கு. சீட்டைத் தன் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். வேறு யாரிடமாவது காட்டினால் செல்லாது. 2017-ல் குஜராத்தில் இரண்டு வாக்குகள் இப்படிப் போனதால்தான் அகமது படேலின் வெற்றி உறுதியானது. நோட்டா இங்கே கிடையாது. கட்சி மாறி வாக்களித்தாலும் கட்சித்தாவல் சட்டப்படி பதவி போகாது. கட்சி நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவே.

குடியரசுத் தலைவர் தேர்தல் இதற்கு நேர் எதிர். அது ரகசிய வாக்கு. அதில் எல்லா எம்.எல்.ஏ.க்களின் வாக்குக்கும் ஒரே மதிப்பு இல்லை. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 11 லட்சத்து 99 ஆயிரத்து 168. அதை 234-ஆல் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆக உங்கள் எம்.எல்.ஏ.வின் ஒரு ஓட்டுக்கு மதிப்பு 176. மாநிலம் முழுவதற்கும் 41,184. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு 208, சிக்கிமில் 7. ஏன் இன்னும் 1971? குடும்பக் கட்டுப்பாட்டில் வெற்றி பெற்ற மாநிலங்கள் அதற்காகச் செல்வாக்கை இழக்கக் கூடாது என்று அந்த எண்ணை உறைய வைத்திருக்கிறார்கள். தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டில் எழும் கவலையும் இதே நூலின் இன்னொரு முனை. குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு இல்லை, அது எம்.பி.க்களின் வேலை.

உள்ளாட்சித் தேர்தல்தான் பேரவையின் கை நேரடியாகப் படும் இடம். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. விதிகளை எழுதுவது சட்டப்பேரவை. 1996-ல் சென்னை மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006-ல் கவுன்சிலர்கள், 2011-ல் மறுபடி மக்கள், 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். ஆட்சியில் இருப்பவர்களின் கணக்குக்கு ஏற்பச் சட்டம் திரும்பத் திரும்ப மாறியது என்பதுதான் என் எண்ணம், அதில் எந்தக் கட்சிக்கும் விதிவிலக்குத் தர முடியாது. நல்ல திருத்தங்களும் இதே வழியில் வந்தவைதான்: உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் 2016-ல் வந்தது, மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் நிறைவேறின. கிராமத்தில் இருப்பவருக்கு இந்தத் தேர்தலில் நான்கு ஓட்டு, அதுவும் தாள் சீட்டில். ஊராட்சித் தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்கு பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள்; நான்காவது ஓட்டு ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு.

மேலவை இருக்கும் ஆறு மாநிலங்களில் அதன் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களையும் எம்.எல்.ஏ.க்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டது. 2010-ல் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சி அடுத்த ஆட்சியில் நின்றுபோனது. கர்நாடகத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ இங்கே குடியேறியவர்கள் பட்டதாரி தொகுதி, ஆசிரியர் தொகுதி என்று தேட வேண்டாம்.

இடையில் காலியானால்

உறுப்பினர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றாலோ, கட்சித்தாவலுக்காகச் சபாநாயகர் நீக்கினாலோ இடம் காலியாகும். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைக்க வேண்டும். பேரவையின் ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் வைக்க வேண்டியதில்லை. வழக்கு நடந்தால் ஆறு மாதமும் நீளும். 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18-ல். 18 தொகுதி மக்களும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்கள், அந்தக் காலத்தில் நடந்த எந்த வாக்கெடுப்பிலும் அவர்கள் சார்பில் கை தூக்க ஆளில்லை.

உங்கள் தொகுதிக்கு அப்படி ஒரு நிலை வந்தால் மனுக்களை நிறுத்திவைக்காதீர்கள். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மக்களவை உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இடைத்தேர்தலில் மனுத் தாக்கல் தொடங்கும்போது, அந்த ரசீதுகளோடு வேட்பாளர்களைப் பார்க்கப் போகலாம்.